தாத்தா எந்த வாசகத்தில் வருகிறார்? இறைமையை முடிக்கும் சட்டமூலம் எழுதும் முறை

சனிக்கிழமைகளில், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள ஒரு மண்டபத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் மாதிரிப் பாராளுமன்றம் நடத்துகிறார்கள். இந்தத் தவணைக்கு அவர்களுக்குக் கிடைத்த வேலை, ஒரு தீவின் மீதான குடியேற்ற அரசின் இறைமையை முடிவுறுத்தும் சட்டமூலம் ஒன்றை வரைவது. தீவு கற்பனை. அதில் ஒரு துறைமுகம், சில தென்னந்தோட்டங்கள், அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் கொண்டுவரப்பட்ட மக்கள். பிள்ளைகள் எழுதி வந்த முதல் வரைவு நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் முகவுரை. அடிமை விலங்கை உடைத்தெறிவதில் தொடங்கி மூச்சு வாங்காமல் ஓடி, கடைசி அரைப் பக்கத்தில் "தீவு இன்று முதல் சுதந்திரமடைகிறது, மக்கள் அனைவரும் சமம்" என்று நின்றுவிட்டிருந்தது.

நான் சட்டத்தரணி அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமூலங்களைத் தமிழாக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது எழுதியவருக்கு முன் மொழிபெயர்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு சொல்லையும் தாண்டிப் போக முடியாதபடி வாசிக்கும் தலையெழுத்து அவருக்குத்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில், பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முகவுரையை மூடி வையுங்கள். அதைக் கடைசியில் எழுதலாம். கோபம், வரலாறு, நன்றி, எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் உங்கள் பாட்டியைக் காப்பாற்றப்போவது இலக்கமிட்ட வாசகங்கள், அதாவது சட்டமூலத்தின் பிரிவுகள்தான். அந்த வாசகங்களில் "முயலும்", "கருத்திற்கொள்ளும்", "ஆவன செய்யும்" என்ற வினைகள் வந்தால் அடித்துவிடுங்கள். முயன்றோம், முடியவில்லை என்று எந்த அரசும் சொல்லிவிட்டுப் போகும். "ஆதல் வேண்டும்", "ஆகாது", "அற்றுப்போகும்" என்று முடியுங்கள். இன்னும் தீர்மானமாகாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். பெரிய பெரிய உடன்படிக்கைகளின் வரைவுகளும் அப்படித்தான் அடைப்புக்குறிகளோடு நடமாடுகின்றன.

அடுத்து, இந்தச் சட்டத்தை நிறைவேற்றுவது யார்? பிள்ளைகள் இதை யோசிக்கவே இல்லை. ஆளுகிற நாட்டின் பாராளுமன்றம் "விட்டோம்" என்று சட்டம் செய்வது ஒரு வழி. ஆளப்பட்டவர்கள் தாங்களே கூடி "எங்களுடையது" என்று சட்டம் செய்வது இன்னொரு வழி. நம் நாடு இரண்டையும் பார்த்தது. 1947ஆம் ஆண்டின் இலங்கைச் சுதந்திரச் சட்டம் இலண்டனில் நிறைவேறியது. 1970 ஜூலையில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது பாராளுமன்ற மண்டபத்தை வேண்டுமென்றே தவிர்த்து கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் கூடியது. புதிய அரசியலமைப்புக்கு மூச்சு பழைய சட்டத்திலிருந்து வரவில்லை என்று காட்டுவதற்காக. 1972 மே 22 அன்று இலங்கை குடியரசாயிற்று. கற்பனைத் தீவுக்கு இரண்டு சட்டமூலம் எழுதுவது நல்லது, ஒன்று அங்கே, ஒன்று இங்கே. இரண்டிலும் நாள் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும், இறைமையை முடிக்கும் அந்த ஒற்றை வாசகம். மூன்று சட்டங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பர்மாச் சட்டமும் இலங்கைச் சட்டமும் ஒரே நாளில், 1947 டிசம்பர் 10 அன்று, அரச ஒப்புதல் பெற்றவை. பர்மா சுதந்திர நாடாகும், மன்னரின் ஆட்சிப் புலத்தில் அடங்காது, மன்னரின் பாதுகாப்புக்கும் உரித்தாகாது என்கிறது முதலாவது. இலங்கைச் சட்டத்தில் அப்படி ஒரு வெட்டு இல்லை. இலங்கை வேண்டிக்கொண்டு சம்மதித்தாலன்றி இனிப் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் எந்தச் சட்டமும் இலங்கைக்குச் செல்லாது என்கிறது. நியமித்த நாளிலிருந்து இலங்கையின் ஆட்சிக்குப் பிரித்தானிய அரசாங்கத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. மன்னரின் முடி அப்படியே இலங்கைக்கு மேல் இருந்தது, 1972 வரை. ஹொங்கொங் சட்டம் 1985இல் வந்தது. 1997 ஜூலை 1 முதல் ஹொங்கொங்கின் எந்தப் பகுதியின் மீதும் அரசிக்கு இறைமையோ நியாயாதிக்கமோ இருக்காது என்று அது நேராகச் சொல்கிறது.

"பொறுப்பு இல்லை" என்பதற்கும் "இறைமை இல்லை" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பையன் கேட்டான். துரை பங்களாவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "இனிக் கூரை ஒழுகினால் என்னிடம் வராதே" என்று சொல்வது முதலாவது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இரண்டாவது. உங்கள் தீவுக்கு ஹொங்கொங் வாசகத்தின் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இலங்கைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஒரு காரியத்தையும் மறக்காமல் சேருங்கள். உள்ளூர்ச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு முரணானால் செல்லாது என்று வைத்திருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டம், இனி இங்கே செய்யப்படும் சட்டங்களுக்குப் பொருந்தாது என்று அந்த அட்டவணை சொல்கிறது. இதை விட்டால் கொடி மாறும், கயிறு மாறாது.

ஆள்புலம், அதாவது நாட்டின் நிலப்பரப்பு, எது என்பதைத் தீவின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அட்டவணை போட்டு, சின்னத் திட்டுகள் உட்பட ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுங்கள். 1965இல், மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், சாகோஸ் தீவுகளைப் பிரித்தானியா அதிலிருந்து தனியே கழற்றி எடுத்தது. அப்படிக் கழற்றியது சட்டப்படி சரியல்ல என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைக்க 2019 பெப்ரவரி 25 வரை ஆயிற்று. இறைமையை மொரிஷியஸுக்குக் கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது 2025 மே 22 அன்று. அதிலும் தியேகோ கார்சியாத் தீவின் இராணுவத் தளம் 99 ஆண்டுக் குத்தகை. ஒரு அட்டவணையில் ஒரு வரி விடுபட்டால் எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

சாகோஸ் எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் நெருக்கம். அங்கே இருந்தவர்களும் தோட்டத்து ஆட்கள்தான், கொப்பறைத் தோட்டத்து ஆட்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, நிலையான குடிகளே அல்ல, ஒப்பந்தத்துக்கு வந்த கூலிகள் என்று காகிதத்தில் எழுதிவிட்டு, 1968க்கும் 1973க்கும் இடையில் கப்பலேற்றினார்கள். இதைச் சொன்னபோது மண்டபத்தில் யாரும் பேசவில்லை. டிக்கோயா, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, நாள். "நியமித்த நாள்" என்று ஒரு நாளை, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பொருள்கோடல் வாசகத்தில் வையுங்கள். இறைமை போகும் நாளும் பிரஜாவுரிமை வரும் நாளும் அதுவே ஆகட்டும். இலங்கை சுதந்திரமடைந்தது 1948 பெப்ரவரி 4. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், 285 நாள். அந்த 285 நாளும் சுதந்திர நாடு இருந்தது, அதன் பிரஜை யார் என்று சொல்லும் சட்டம் இல்லை. வெள்ளைக்காரன் எழுதிய சுதந்திரச் சட்டம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு வந்தவர்கள் அந்த மௌனத்தில்தான் கை வைத்தார்கள். ஆகவே பிரஜாவுரிமையை "பின்னர் சட்டத்தால் ஏற்பாடு செய்யப்படும்" என்று தள்ளிப் போடும் வாசகத்தை உங்கள் வரைவில் கண்டால், அது என் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்கள் பற்றிய வாசகத்துக்கு நேரம் கொடுங்கள். நாங்கள் இதற்கு மட்டும் மூன்று சனிக்கிழமை எடுத்துக்கொண்டோம்.

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் சொன்னது இதுதான். அந்த நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனுடைய தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் எந்த இனத்தின் பெயரும் இல்லை. "தகப்பன் பிறந்திருந்தால் போதும்தானே டீச்சர், அது நியாயம்தானே?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தகரப் பெட்டியைத் திறந்தேன்.

என் பூட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். தாத்தா டிக்கோயாவில் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா 1927இல் அதே லயத்தில் பிறந்தவர். சட்டத்தின்படி அப்பா சந்தேகமில்லாமல் பிரஜை. ஆனால் தாத்தா அந்த லயத்தில்தான் பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி? பிறப்புச் சான்று கிடையாது. இருந்தது தோட்டத்துச் செக்ரோலிலிருந்து, அதாவது காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு வேலைநாள் குறிக்கும் பதிவேட்டிலிருந்து, எடுத்த மூன்று பிரதிகள். ஒன்றில் பழனியாண்டி. இன்னொன்றில் பளனியாண்டி. மூன்றாவதில் கணக்கப்பிள்ளைக்கு அவசரம் போலும், பழனாண்டி. இவர் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது என்று விசாரணை மேசையில் கேட்டார்களாம். அப்பா அதை வாழ்நாள் முழுவதும் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பிரட்டுக்குப் பேர் கூப்பிட்டபோது மூன்று பேருக்கும் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன்."

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று, இன்னொரு கதவைத் திறந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு தொடர்ந்த வதிவு, விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு. 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். அடுத்த தேர்தலில் அந்த வாக்காளர்களே இல்லை.

இதிலிருந்து வரைவுக்கு எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எண்பிக்கும், அதாவது நிரூபிக்கும், பொறுப்பை யார் தலையில் வைக்கிறீர்கள்? எல்லாம் அதில்தான் இருக்கிறது. இதை வெள்ளைக்காரர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1815 மார்ச் 2 அன்று கண்டி உடன்படிக்கை மலைநாட்டை அவர்கள் கையில் கொடுத்தது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடப்படாத காணியெல்லாம் "மாறானது எண்பிக்கப்படும் வரை" முடிக்குரியது என்று ஊகித்துக்கொண்டது. காணி வேண்டியபோது ஊகத்தைத் தங்கள் பக்கம் வைத்தார்கள், எண்பிக்கும் வேலை கிராமத்தானுக்கு. 1948இல் ஆள் வேண்டாதபோதும் அதே தந்திரம்தான், எண்பிக்கும் வேலை தோட்டத்தானுக்கு. அந்தச் சொற்றொடரை அப்படியே களவெடுத்து எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நாங்கள் எழுதியது இது:

"நியமித்த நாளில் தீவில் வழக்கமாக வதியும் ஆள் ஒவ்வொருவரும் அந்நாளிலிருந்து தீவின் பிரஜையாதல் வேண்டும். தாம் அவ்வாறு வதிந்ததாக ஓர் ஆள் கூறுமிடத்து, மாறானது எண்பிக்கப்படும் வரை அது உண்மையென ஊகிக்கப்படுதல் வேண்டும். எண்பிக்கும் பொறுப்பு அரசைச் சாரும். பெயரின் எழுத்தில் வேறுபாடு உண்டென்ற காரணத்துக்காக மட்டும் எந்தச் சான்றும் தள்ளப்படலாகாது."

கடைசி வசனம் பழனியாண்டிக்காக. அதைச் சேர்த்தது நானல்ல, பொகவந்தலாவைப் பையன்.

விண்ணப்பம் என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பம் என்று எழுதிய உடனே படிவம் வரும், படிவத்துக்கு முத்திரை வரும், முத்திரைக்கு ஒரு நாள் சம்பளம் போகும், திகதி தவறும். இன்னொன்றையும் ஒரு பிள்ளைதான் பிடித்தாள்: "தகப்பன், தாத்தா, பூட்டன் எல்லாம் இருக்கிறார்கள். என் அம்மாயி எங்கே?" உண்மைதான். கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் கணக்கிலேயே இல்லை. தாய் வழியாகவும் பிரஜாவுரிமை என்று நம் நாட்டுச் சட்டம் திருந்துவதற்கு 2003 ஆயிற்று. வம்சாவழி பற்றி எழுதும் ஒவ்வோரிடத்திலும் "தந்தை அல்லது தாய்" என்று போடுங்கள்.

பாதுகாப்பு வாசகம் ஒன்றும் வேண்டும். ஆனால் சுதந்திரத்தின்போது இங்கே இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடையோ இயலாமையோ விதிக்கும் சட்டம் செய்யலாகாது என்று அதில் நன்றாகத்தான் இருந்தது. அதை நம்பித்தான், வாக்குரிமை கேட்ட கோடாகன்பிள்ளை வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் என்ற உச்ச மேன்முறையீட்டு மன்றம் வரை போனது. 1953இல் தோற்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்துக்கு இயல்பான வேலை, இது ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டை எங்கே? சட்டத்தின் முகத்தில் இனத்தின் பெயர் இல்லையென்றால் தப்பிவிடலாம் என்பதில். ஆகவே "நோக்கத்தினாலோ விளைவினாலோ" என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள். பிரஜாவுரிமைச் சட்டங்களுக்கும் இது ஏற்புடையது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

காணியை ஒரே வரியில் முடிப்பதுதான் வழக்கம்: "முடிக்குரிய காணி என்பது அரசுக்குரிய காணியென வாசிக்கப்படுதல் வேண்டும்." மொழிபெயர்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தக் காணியின் மேல் நிற்கும் லயத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த வரிக்குத் தெரியாது. எங்கள் தோட்டம் முதலில் கொம்பனியிடம், 1975க்குப் பிறகு அரசிடம், தொண்ணூறுகளில் மறுபடி கொம்பனி நிர்வாகத்தில். கூரைத் தகரம் மட்டும் ஒன்றே. வீட்டுக்கு ஏழு பேர்ச் அளவு காணிக்கும் அதன் உறுதிப் பத்திரத்துக்கும் இன்றைக்கும் கூட்டம் போடுகிறோம். ஆகவே, நியமித்த நாளில் தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் குடும்பம் அந்த வீட்டுக்கும் தோட்டத்துண்டுக்கும் உரித்துடையது, உறுதி இத்தனை மாதத்துக்குள் பதியப்படுதல் வேண்டும் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். எத்தனை மாதம் என்பதில் எங்கள் பிள்ளைகளுக்குள் சண்டை. பன்னிரண்டு என்று முடிந்தது.

மற்றவை சுருக்கம். நடைமுறையிலுள்ள சட்டங்கள் மாற்றப்படும் வரை தொடரும். நீதிமன்றங்கள் தொடரும். உத்தியோகத்தரின் ஓய்வூதியம் தொடரும். இதை மறந்தால் உங்கள் சட்டமூலத்தை முதலில் எதிர்ப்பவர்கள் எழுதுவினைஞர்கள்தான். மேன்முறையீடு எங்கே போகும் என்று சொல்லுங்கள். சொல்லாததால் நம் வழக்குகள் 1971 வரை இலண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இராணுவத் தளங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. சுதந்திரச் சட்டம் நிறைவேறுவதற்கு ஒரு மாதம் முன்பே, 1947 நவம்பரில், பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் 1957 வரை அவர்கள் கையில். சட்டமூலத்தை மட்டும் படித்தவருக்கு இது தெரிந்திருக்காது. பக்க ஒப்பந்தம் ஏதும் இருந்தால் அதை அட்டவணையாக ஒட்டுங்கள், முடியும் திகதியோடு. ஒட்டாதது செல்லாது என்றும் ஒரு வரி.

மொழி வாசகத்தில் நான் பக்கச்சார்பானவள், ஒப்புக்கொள்கிறேன். நம் சட்டங்களின் கடைசிப் பிரிவை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சட்டத்துக்கும் தும்மல் வருமா என்று. முரண்பாட்டுக்கு நாங்கள் அந்த மேசையில் வைத்திருந்த சொல் அது. சிரிப்பு அடங்கிய பிறகு, எந்த உரை ஆளுக்கு அதிக உரிமை தருகிறதோ அதுவே மேலோங்கும் என்று எழுதினார்கள். எனக்கு வேலையிலிருந்த காலத்தில் இப்படி எழுதத் தோன்றவே இல்லை.

வரைவு முடிந்ததும் உரக்க வாசியுங்கள். சட்டம் படித்தவருக்கு அல்ல. நாங்கள் மண்டபத்தைக் கூட்டிப் பிளேன்டீ ஊற்றித் தரும் அக்காவுக்கு வாசித்தோம். அவர் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" காட்ட முடியாத இரண்டு வாசகங்களைத் திருப்பி எழுதினோம். காணி வாசகத்தில், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு உறுதி என்று இருந்தது. கணவன் இறந்த பிறகு பெயர் மாற்றாத வீட்டில் இருப்பவர் அவர்.

ஒன்று மட்டும் இன்னும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாத இந்திய வம்சாவழியினர் 9,75,000 பேரைக் கூறு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அப்பா இங்கே என்று விழுந்தார். சித்தப்பா அங்கே என்று விழுந்தார், தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான். எங்கள் வரைவின் 6ஆம் வாசகம், நியமித்த நாளுக்கு முன் தீவிலிருந்து அனுப்பப்பட்டவருக்கும் [அவர்தம் பிள்ளைகளுக்கும்] [அவர்தம் வழித்தோன்றல்களுக்கும்] விரும்பினால் பிரஜாவுரிமை என்கிறது. ஆறு பேர் பிள்ளைகளோடு நிறுத்தச் சொல்கிறார்கள், அந்தத் தீவில் அவ்வளவு தண்ணீரும் காணியும் இருக்காது என்று. ஐந்து பேர் வழித்தோன்றல்கள் வரை என்கிறார்கள். என்னிடம் கேட்டார்கள். பெட்டிக்குச் சொந்தக்காரியிடம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை குழுநிலையில் வாக்கெடுப்பு.